கார்ன் பாம்பு ஜோடி சேர்க்கும் முன்: குஞ்சுகளின் நிறத்தைக் கணக்கிடும் முறை

"அக்கா, இதையும் அதையும் சேர்த்தா என்ன கலர் வரும்?" கெடா மாநிலத்தின் பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து என் வீட்டுப் பின்னறைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கைப்பேசியில் இரண்டு கார்ன் பாம்புகளின் (அமெரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) படத்தைக் காட்டிக் கேட்பார்கள். படத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த இரண்டு பாம்புகளின் தாய் தகப்பன் யார், அவற்றுக்கு முன்பு என்ன குஞ்சுகள் பிறந்தன என்று தெரிந்தால் சொல்லலாம்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த பின்னம் போதும். ஆனால் படிகளின் வரிசை மாறினால் விடையும் மாறிவிடும். அதனால் கீழே உள்ளதை வரிசையாகவே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. நம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, இருக்கிறது. பாம்பை வாங்குவதற்கு முன்பே மாநில பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்துக்குப் போய், இந்த இனத்தை வைத்திருக்க என்ன தாள் வேண்டும், குஞ்சு பொரிக்க வைத்து விற்க என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வளர்ப்பதற்கு ஒரு பதிலும் விற்பதற்கு வேறு பதிலும் வரலாம். முட்டை வந்த பிறகு ஓடுவது நல்லதல்ல.

இரண்டாவது, கட்டம் போட்ட பள்ளி நோட்டு ஒன்று. ஒரு பாம்புக்கு ஒரு பக்கம். கைப்பேசியில் எழுதி வைத்தவர்கள் கைப்பேசி மாற்றும்போது எல்லாவற்றையும் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இனப்பெருக்கத்துக்குத் தகுதியான பெட்டை. வளர்ப்பவர்களிடம் ஒரு மூன்று கணக்கு உண்டு: மூன்று வயது, மூன்று அடி நீளம், முந்நூறு கிராம். சின்னப் பெட்டையைச் சேர்த்தால் முட்டை வெளியே வராமல் சிக்கிச் செத்துப்போகலாம். நிறத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

நான்காவதை நிறையப் பேர் மறக்கிறார்கள்: அந்தப் பெட்டை இதற்கு முன் எந்த ஆணோடாவது இருந்ததா? கார்ன் பாம்புப் பெட்டை விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து, அடுத்த பருவத்தில்கூடக் கருவுற்ற முட்டை இட வல்லது. போன வருடம் வேறு ஆணோடு இருந்த பெட்டையை வாங்கி வந்து உங்கள் ஆணோடு சேர்த்தால், குஞ்சுகள் யாருடையவை என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது.

கூண்டுக்குப் பூட்டு போடுங்கள். செம்பனைக் காட்டில் நாகத்தையும் மலைப்பாம்பையும் பார்த்துப் பழகிய ஊர் இது. தப்பி வெளியே போன பாம்பின் நிறத்தை யாரும் நின்று ரசிக்கப் போவதில்லை.

2. கடைப் பெயரை மரபணுப் பெயராக உடைத்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கடையில் சொல்லும் பெயர்களில் பல ஒரே மரபணுவின் பெயர் அல்ல, கூட்டுப் பெயர். ஸ்னோ என்று ஒரு மரபணு கிடையாது. அமெல், அனெரி என்ற இரண்டு மரபணுப் பண்புகள் ஒரே பாம்பில் சேர்ந்தால் அதற்கு ஸ்னோ என்று பெயர். அமெல் கருப்பு நிறமியை எடுத்துவிடுகிறது, அனெரி சிவப்பை எடுத்துவிடுகிறது; மிச்சம் வெள்ளையும் வெளிர் இளஞ்சிவப்பும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கூட்டுப் பெயர்களை எழுதி வையுங்கள்; சேர்பவை எல்லாம் தனித்தனி மரபணுக்கள். அனெரியும் ஹைப்போவும் (கருப்பை வெளிறச் செய்வது) சேர்ந்தால் கோஸ்ட். அமெலும் காரமெலும் சேர்ந்தால் பட்டர். அமெலும் சார்கோலும் பிளிஸ்ஸார்ட். அமெலும் லாவெண்டரும் ஓப்பல். சார்கோலும் டிஃப்யூஸ்டும் பியூட்டர். ஹைப்போவும் காரமெலும் ஆம்பர்.

ஒக்கீட்டீ, மியாமி, கேண்டிகேன் போன்ற பெயர்கள் வேறு வகை. இவை பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து மெருகேற்றிய தோற்றங்கள். இவற்றை ஒரு மரபணுவாக எண்ணிக் கணக்குப் போட முடியாது. ஒக்கீட்டீயை வேறொன்றோடு சேர்த்தால் குஞ்சுகள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கணக்குத் தாளில் இவற்றைச் சேர்க்காமல் ஓரத்தில் குறிப்பாக மட்டும் எழுதுங்கள்.

பெயரை உடைக்காமல் போனால் என்ன ஆகும்? பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் சாம்பல் நிற ஆணையும் சாம்பல் நிறப் பெட்டையையும் சேர்த்தார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. குஞ்சுகள் எல்லாம் சாம்பலாக வரும் என்று வாங்க ஆளையும் பேசி வைத்துவிட்டார். வந்தவை அத்தனையும் சாதாரண நிறம். "அக்கா, வேற ஆண் பாம்பு ஏதும் உள்ள வந்திருக்குமா?" என்று பதறிப்போய்க் கேட்டார். ஒன்றும் வரவில்லை. ஆண் அனெரி, பெட்டை சார்கோல். இரண்டும் சிவப்பைக் குறைப்பவைதான், ஆனால் வெவ்வேறு மரபணுக்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டு மரபணுவிலும் ஒரு நல்ல நகல் கிடைத்துவிட்டது, அதனால் சிவப்பு திரும்பி வந்தது. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் மரபணுவும் ஒன்று என்று எண்ணாதீர்கள்.

3. ஒவ்வொரு பண்பும் எப்படி வெளியே தெரிகிறது என்று பிரியுங்கள்

ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு நகல்கள்: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று.

அமெல், அனெரி, ஹைப்போ, சார்கோல், காரமெல், லாவெண்டர் இவை எல்லாம் ஒடுங்கு பண்புகள். இரண்டு நகலும் இருந்தால்தான் வெளியே தெரியும். ஒரு நகல் மட்டும் உள்ள பாம்பு சாதாரண நிறத்தில் இருந்துகொண்டே அதை உள்ளே சுமக்கும். அதைத்தான் ஹெட் என்கிறார்கள்.

டெசெரா ஓங்கு பண்பு. ஒரு நகல் இருந்தாலே முதுகில் நீளக்கோடு தெரிந்துவிடும். ஆகவே டெசெரா இல்லாத குஞ்சை "ஹெட் டெசெரா" என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். அப்படி ஒன்று இருக்கவே முடியாது.

மூன்றாவது வகைதான் புதியவர்களைக் குழப்பும்: ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள். முதுகுக் கோலத்தை மாற்றும் மாட்லியும் ஸ்ட்ரைப்பும் ஒரே இடத்தில் உட்காருபவை. மாட்லியை ஸ்ட்ரைப்போடு சேர்த்தால், அனெரி சார்கோல் கதையில் நடந்ததுபோல் சாதாரணக் குஞ்சு வராது. ஒவ்வொரு குஞ்சிலும் ஒரு மாட்லி நகலும் ஒரு ஸ்ட்ரைப் நகலும் இருக்கும். தோற்றம் பெரும்பாலும் மாட்லிபோல இருக்கும். கருப்பைக் குறைக்கும் அல்ட்ராவும் அமெலும் இப்படித்தான். இரண்டும் ஒவ்வொன்று இருந்தால் இடைப்பட்ட நிறத்தில் அல்ட்ராமெல் என்ற பாம்பு கிடைக்கும். இரண்டு அல்ட்ராமெலைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு அல்ட்ரா, பாதி அல்ட்ராமெல், நாலில் ஒரு பங்கு அமெல்.

பறவை வளர்த்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்ஜி கிளிகளில் லுட்டினோ (முழு மஞ்சள்) நிறம் பாலினத்தோடு ஒட்டியது. ஆண் எது, பெட்டை எது என்பதைப் பொறுத்துக் குஞ்சுகள் மாறும். இங்கே நான் சொல்லும் கார்ன் பாம்புப் பண்புகளில் அந்தச் சிக்கல் இல்லை. அமெல் தகப்பன் பக்கமா தாய் பக்கமா என்பது கணக்கை மாற்றாது.

4. ஒவ்வொரு மரபணுவையும் தனியாகக் கணக்கிடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் (தாயின் நகல்களை ஒரு பக்கமும் தகப்பனின் நகல்களை மறு பக்கமும் எழுதி நிரப்பும் அறைகள்) அடைக்கப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது. பதினாறு அறை, அறுபத்துநான்கு அறை என்று வரைந்து பாதியில் விட்டவர்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மரபணுவை மட்டும் பாருங்கள். ஒடுங்கு பண்புக்கு நினைவில் வைக்க வேண்டிய ஜோடிகள் ஐந்துதான்.

அமெல் × அமெல்: எல்லாம் அமெல்.
அமெல் × ஹெட்: பாதி அமெல், பாதி ஹெட்.
அமெல் × சாதாரணம்: எல்லாம் ஹெட், வெளியே எதுவும் தெரியாது.
ஹெட் × ஹெட்: நாலில் ஒன்று அமெல், நாலில் இரண்டு ஹெட், நாலில் ஒன்று சுத்தமான சாதாரணம்.
ஹெட் × சாதாரணம்: பாதி ஹெட், பாதி சாதாரணம், வெளியே எதுவும் தெரியாது.

இதை மனத்தில் பதிய வைக்க நான் புளியங்கொட்டையைக் கொடுப்பேன். தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதேபோல் இரண்டு கொட்டை. ஒன்று தாய், ஒன்று தகப்பன், இரண்டும் ஹெட். கருப்புப் பக்கம் சாதாரண நகல், வெள்ளைப் பக்கம் அமெல் நகல். இரண்டையும் உருட்டுங்கள். ஓர் உருட்டு ஒரு முட்டை. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் அமெல். ஒன்று வெள்ளை ஒன்று கருப்பு என்றால் ஹெட். இருபது தடவை உருட்டி எழுதிப் பாருங்கள். சில சமயம் ஏழு அமெல் வரும், சில சமயம் இரண்டுதான் வரும். தேய்த்த கொட்டை இரு பக்கமும் சரிசமமாக விழாது. துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் இருபது சென் காசு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு "நாலு முட்டையில் ஒன்று கண்டிப்பாக அமெல்" என்று சொல்வதில்லை. நாலில் ஒன்று என்பது ஒவ்வொரு முட்டைக்கும் தனியாகப் பொருந்தும் வாய்ப்பு. முதல் மூன்று முட்டை சாதாரணமாக வந்ததற்காக நான்காவது முட்டை எந்தக் கடனும் அடைக்கப் போவதில்லை.

5. அப்புறம் பெருக்குங்கள்

தனித்தனி விடைகளைப் பெருக்கினால் கூட்டு நிறத்தின் வாய்ப்பு வந்துவிடும். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆண்: கோஸ்ட், ஹெட் அமெல். பெட்டை: ஸ்னோ, ஹெட் ஹைப்போ.

முதலில் பெயரை உடைக்கிறோம். ஆணிடம் அனெரி இரண்டு நகல், ஹைப்போ இரண்டு நகல், அமெல் ஒன்று. பெட்டையிடம் அமெல் இரண்டு, அனெரி இரண்டு, ஹைப்போ ஒன்று.

அனெரி: இரண்டு பக்கமும் முழுதாக இருக்கிறது, எனவே எல்லாக் குஞ்சும் அனெரி. அமெல்: ஹெட் × அமெல், எனவே பாதி. ஹைப்போ: ஹைப்போ × ஹெட், எனவே பாதி.

பெருக்கினால்: அமெலும் ஹைப்போவும் வெளியே தெரியாத அனெரி நாலில் ஒன்று, கோஸ்ட் நாலில் ஒன்று, ஸ்னோ நாலில் ஒன்று, ஹைப்போ சேர்ந்த ஸ்னோ நாலில் ஒன்று. சாதாரண நிறத்தில் ஒன்றுகூட வராது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. வெளியே அமெல் தெரியாத ஒவ்வொரு குஞ்சும் உறுதியான ஹெட் அமெல், ஹைப்போ தெரியாத ஒவ்வொன்றும் உறுதியான ஹெட் ஹைப்போ. ஏனென்றால் அந்தந்தப் பண்பை முழுதாக வைத்திருக்கும் பெற்றோர் ஒரு நகலைக் கட்டாயம் கொடுத்தே தீரும்.

இந்தக் கணக்கு எந்த ஜோடியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் உதவும். அமெல் ஒன்றையும் அனெரி ஒன்றையும் சேர்த்து ஸ்னோ எடுக்க நினைக்கிறீர்கள். முதல் தலைமுறை முழுதும் சாதாரண நிறம், இரண்டுக்கும் ஹெட். அவை வளர இரண்டு மூன்று வருடம் ஆகும். பிறகு அண்ணன் தங்கையைச் சேர்த்தால் ஸ்னோவுக்கு வாய்ப்பு பதினாறில் ஒன்று. பதினாறு முட்டை வந்தாலும் ஒரு ஸ்னோகூட இல்லாமல் போக ஏறக்குறைய 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதே ஹெட் குஞ்சை வெளியிலிருந்து வாங்கிய ஒரு ஸ்னோவோடு சேர்த்தால் வாய்ப்பு நாலில் ஒன்றாகிறது. பதினாறு முட்டையில் ஒன்றுகூட இல்லாமல் போவது 1 விழுக்காடுதான். இரத்தமும் புதிது. அந்த இரண்டு மூன்று வருடக் காத்திருப்பில் ஒரு ஸ்னோவுக்குக் காசு சேர்த்து வையுங்கள் என்பதுதான் என் யோசனை.

6. வெளியே தெரியாததை விழுக்காட்டோடு எழுதுங்கள்

ஹெட் × ஹெட் ஜோடியில் பிறந்த சாதாரண நிறக் குஞ்சுகளைப் பாருங்கள். நாலில் ஒன்று அமெலாகப் போய்விட்டது. மிச்சம் மூன்று பங்கில் இரண்டு பங்கு ஹெட். ஆகவே சாதாரண நிறத்தில் உள்ள ஒவ்வொரு குஞ்சும் "66 விழுக்காடு ஹெட்". இதைப் பாதி என்று எழுதுவது தவறு. அமெல் குஞ்சுகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டோம் என்பதை மறப்பதால் வரும் தவறு. ஹெட் × சாதாரணம் ஜோடியின் குஞ்சுகள்தான் 50 விழுக்காடு.

இரண்டு மரபணு என்றால் இதையும் பெருக்க வேண்டும். இரண்டுக்கும் ஹெட்டான ஜோடியில் பிறந்த சாதாரணக் குஞ்சு இரண்டையும் சுமக்கும் வாய்ப்பு ஒன்பதில் நாலு, அதாவது பாதிக்கும் குறைவு. விற்கும்போது இந்த எண்ணை அப்படியே சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் மூன்று வருடம் தீனி போட்டு வளர்த்த பிறகுதான் உண்மை தெரியும் என்பதால் இதில் பொய் சொல்வது பெரிய அநியாயம்.

7. சந்தேகப் பாம்புக்குச் சோதனை ஜோடி

என்னிடம் ஓர் ஆண் பாம்பு "ஹெட் அமெல்" என்று சொல்லித்தான் வந்தது. கூடுதலாக வெள்ளி கொடுத்து வாங்கினேன். அமெல் பெட்டையோடு சேர்த்தேன். பன்னிரண்டு குஞ்சு, ஒன்றுகூட அமெல் இல்லை. அது உண்மையில் ஹெட்டாக இருந்தால் இப்படி நடக்க 4,096இல் ஒரு வாய்ப்புதான். அது ஹெட் இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். மூன்று வருடம் போனது போனதுதான்.

சோதிக்க நினைப்பவர்கள் அந்தப் பண்பு வெளியே தெரியும் பாம்போடுதான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்து ஏழு குஞ்சும் சாதாரணமாக வந்தால், ஹெட்டாக இருக்கும் ஒரு பாம்புக்கு அப்படி நடக்க 128இல் ஒரு வாய்ப்பு. அது போதுமான சாட்சி. ஹெட்டோடு சேர்த்துச் சோதித்தால் அதே அளவு உறுதிக்குப் பதினாறு குஞ்சுக்கு மேல் வேண்டும். அதே நேரம், ஒரே ஓர் அமெல் குஞ்சு வந்துவிட்டால் போதும், ஹெட் என்று நிரூபணமாகிவிட்டது. மேற்கொண்டு எண்ண வேண்டியதில்லை.

8. முட்டைக்காலம்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டையை 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை வைத்தால் சுமார் 60 நாளில் பொரியும். தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் வெப்பம் அதைத் தாண்டிப் போய்விடும். மீன் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பெட்டிக்குள், வீட்டின் குளிர்ந்த மூலையில், வெப்பமானியோடு வையுங்கள். இட்ட முட்டையைத் திருப்பக் கூடாது.

நிறக் கணக்கில் இதற்கு என்ன வேலை என்றால், அதிக வெப்பத்தில் வளர்ந்த குஞ்சுக்கு முதுகெலும்பு வளைவதோடு முதுகுத் திட்டுகளும் உடைந்து கோணலாக வரலாம். ஒரே ஒரு குஞ்சு விசித்திரமான கோலத்தில் வந்தால் புது மரபணு என்று அறிவித்துவிடாதீர்கள். அதன் குஞ்சுகளிலும் அது வருகிறதா என்று பார்க்கும்வரை அது வெறும் கோலம்தான்.

9. குஞ்சுகளைப் பிரிப்பது

பொரித்த அன்றே பிரிக்காதீர்கள். முதல் சட்டை உரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்கு முன் தோல் மங்கலாக இருக்கும். காத்திருந்தபின் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கண். சிவந்த கண் என்றால் அமெல் உண்டு. இது மிகத் தெளிவான அடையாளம், அதனால்தான் இதில் தொடங்குகிறோம். ஒரு பார்வையிலேயே இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும்.

அடுத்து சிவப்பு இருக்கிறதா. சாம்பலும் கருப்புமாக இருந்தால் அனெரி வகை. கண்ணும் சிவந்து உடலும் வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் ஸ்னோ. ஒரு எச்சரிக்கை: சாதாரண நிறக் குஞ்சு பிறக்கும்போது பெரிய பாம்பின் ஆரஞ்சு நிறத்தில் இருக்காது, மங்கிய பழுப்பாகத்தான் இருக்கும். இதைப் பார்த்து ஹைப்போ, காரமெல் என்று பெயர் வைக்கும் அவசரம் நிறையப் பேருக்கு வருகிறது.

மூன்றாவது வயிறு. சாதாரணப் பாம்பின் வயிற்றில் சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் இருக்கும். மாட்லிக்கும் ஸ்ட்ரைப்புக்கும் வயிறு வெறுமையாக இருக்கும். முதுகைப் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது வயிறு சொல்லிவிடும்.

கடைசியாக ஹைப்போ. கருப்பு ஓரங்கள் மெலிந்து வெளிறியிருக்கும், ஆனால் ஒற்றைக் குஞ்சை வைத்துப் பார்த்தால் தெரியாது. உடன்பிறந்தவற்றை ஒரே வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, குழல்விளக்கில் அல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் "ஹைப்போவாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டு இன்னும் இரண்டு மூன்று சட்டை உரிக்கும்வரை விற்காமல் வைத்திருங்கள்.

அனெரியா சார்கோலா என்பதைக் குஞ்சில் கண்ணால் பிரிக்க முயலாதீர்கள். அனெரிக்கு வளர வளரக் கழுத்தோரம் மஞ்சள் ஏறும், சார்கோலுக்கு அது வராது. அதுவரை பெற்றோரின் பக்கத்தை நோட்டில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

10. கணக்குக்கு ஒத்துவராத குஞ்சு வந்தால்

கணக்கில் இல்லாத நிறம் வந்தால் வரிசையாக மூன்றைத் தேடுங்கள். இரண்டு பெற்றோரும் நமக்குத் தெரியாத ஒரே மரபணுவைச் சுமக்கிறார்களா? பெட்டை முன்பு வேறு ஆணோடு இருந்ததா? நாம் படி 2இல் ஒரு பெயரைத் தவறாக உடைத்தோமா? பெரும்பாலும் முதலாவதுதான். இரண்டு சாதாரணப் பாம்புக்கு ஓர் அனெரி பிறந்தால் இரண்டு பெற்றோரும் ஹெட் அனெரி என்று இப்போது தெரிந்துவிட்டது. உடனே இரண்டு பேரின் பக்கத்திலும் தேதியோடு எழுதுங்கள். அதே தாய் தகப்பனின் பழைய குஞ்சுகளில் சாதாரண நிறத்தில் இருப்பவை எல்லாம் அன்றிலிருந்து 66 விழுக்காடு ஹெட் அனெரி. அவற்றை வாங்கிப் போனவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் அடுத்த ஜோடியை முடிவு செய்துகொண்டிருக்கலாம்.